வெறுங்குச்சி, சோளத்தட்டை, கரித்துண்டு: கணினி எட்டாத வகுப்பறையில் கற்பனைக்கு வழிவிடுவது எப்படி

சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. ஆறிலிருந்து எட்டு வரை கணக்கும் அறிவியலும் என் பொறுப்பு. ஆள் குறைவு என்பதால் ஆறு, ஏழு வகுப்புகளுக்குத் தமிழும் நான்தான் எடுக்கிறேன். பள்ளிக்கு ஒரு மடிக்கணினி இருக்கிறது, என்னிடம் ஒரு போன் இருக்கிறது. இணையம் ஆடி அசைந்து வரும். மழைக்காலத்தில் மின்சாரமும் அப்படித்தான். இதே நிலையில் வேலை செய்கிறவர்களுக்காக, முக்கியமாகப் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்காக, வகுப்பில் பலன் தந்த சில வழிகளை எழுதுகிறேன்.

பயிற்சிக் கூட்டங்களில் "ஸ்மார்ட் போர்டு இருந்தா எவ்வளவோ செய்யலாம்" என்று பேசிக்கொள்வோம். இருந்தால் நல்லதுதான். ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே ஒரு விடை, அது டீச்சர் மனசில் இருக்கிறது, அதை ஊகித்துச் சொல்லிவிட்டால் உட்கார்ந்துவிடலாம் என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் ஸ்மார்ட் போர்டு வந்தாலும் போகாது. அதைப் போக்குவதற்கு எனக்குத் தெரிந்து நாலு காரியம் வேண்டும்: பல விடை வரக்கூடிய கேள்வி, கைக்கு அகப்படுகிற பொருள், ஒரு கட்டுப்பாடு, செய்து முடித்ததைப் பார்க்க ஆட்கள். இந்த நாலும் காசில்லாமல் கிடைக்கும்.

மாதிரிப் படம் வரைந்து காட்டாதீர்கள்

எந்த வகுப்பிலும் "இயற்கைக் காட்சி வரையுங்க" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், மலையிலிருந்து நெளிந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. எங்கள் ஊரில் நின்று சுற்றிப் பார்த்தால் மலையே தெரியாது. வைப்பாறு வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். இருந்தும் எல்லா நோட்டிலும் அதே படம் இருக்கும். யாரோ ஒருவர் எப்போதோ கரும்பலகையில் வரைந்து காட்டியது பிள்ளைக்குப் பிள்ளை கைமாறி வந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு நான் செய்வது எளிய காரியம். காலித் தீப்பெட்டியின் உள்டப்பாவை உருவிவிட்டு, மேல்கூட்டை மட்டும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுப்பேன். அதை ஒரு கண்ணில் வைத்து, வெளியே போய், அந்தச் சின்னக் கட்டத்துக்குள் என்ன தெரிகிறதோ அதை மட்டும் வரைய வேண்டும். அடிபம்பின் கைப்பிடி, ஆட்டின் பின்பாதி, சத்துணவுக் கூடத்துச் சன்னலில் காயும் கரண்டி என்று வரும். ஒரு படம் போல இன்னொரு படம் இருக்காது. "ஆட்டுக்குத் தலை எங்கே?" என்று கேட்டுவிடாதீர்கள். கட்டத்துக்குள் தலை தெரியவில்லை, அவ்வளவுதான்.

வரைவதற்குக் கரி. எங்கள் வட்டாரத்தில் சீமைக் கருவேல விறகை மூட்டம் போட்டு எடுக்கிற கரி தாராளமாகக் கிடைக்கும். விரல் மொத்தத்தில் இருக்கிற துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, பிடிக்கும் இடத்தில் காகிதம் சுற்றிக் கொடுத்தால் போதும். பென்சிலில் பயந்து பயந்து சின்னதாக வரைகிற பிள்ளைகூடக் கரியில் பெரிதாகக் கோடு இழுக்கும், ஏனென்றால் கரியில் சின்னதாக வரைய முடியாது. தாளுக்குத் தினசரிக் காலண்டரின் பின்பக்கம், சிவகாசி அச்சகங்களில் கழித்துப்போடும் ஓரத்தாள், கல்யாணப் பத்திரிகையின் எழுதாத பக்கம் எல்லாம் ஆகும்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

பாடப்புத்தகத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. அதிலுள்ள கேள்வியையே திருப்பிப் போட்டால் போதும். "நீளம் 8, அகலம் 4 எனில் செவ்வகத்தின் சுற்றளவு என்ன?" இதற்கு ஒரே விடை. முதல் பெஞ்சு சொல்லிவிடும், கடைசி பெஞ்சு எழுதிக்கொள்ளும். "சுற்றளவு 24 வருகிற மாதிரி என்னென்ன செவ்வகம் செய்யலாம்?" என்று கேட்டால் எல்லாருக்கும் வேலை இருக்கும்.

இதை நான் மருந்து வைக்காத வெறும் தீக்குச்சிகளில் செய்கிறேன். இருவருக்கு 24 குச்சி. "ஆடு அடைக்க ஒரு பட்டி போடணும். வேலிக்கு இந்தக் குச்சி மட்டும்தான். மிச்சம் வைக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. எப்படிப் போட்டா உள்ளே இடம் அதிகம்?" அவ்வளவுதான் முன்னுரை. அதற்கப்புறம் பத்து நிமிடம் நான் வாய் திறப்பதில்லை.

தரையில் உட்கார்ந்து வைத்துப் பார்ப்பார்கள். பதினொன்றுக்கு ஒன்று வைத்தால் உள்ளே 11 கட்டம். பத்துக்கு இரண்டு என்றால் 20. அப்படியே 27, 32, 35 என்று ஏறி, ஆறுக்கு ஆறு சதுரத்தில் 36-க்கு வந்து நிற்கும். வேலி மாறவே இல்லை, இடம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது என்பது அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். புத்தகம் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். நாம் நிற்க வேண்டாம். "சரி, இடம் ரொம்பக் குறைச்சலா இருக்கிற பட்டி எது?" என்று மறுபக்கம் கேளுங்கள்.

எல்லாரும் பதினொன்றுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். அதற்கு மேல்தான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது. என் வகுப்பில் ஒரு பெண், சதுரத்தின் ஒரு மூலையை இரண்டுக்கு இரண்டு உள்பக்கமாக மடித்து வைத்தாள். எண்ணிப் பார்த்தால் குச்சி அதே 24. இடம் மட்டும் 32 ஆகிவிட்டது. மூலையை உள்ளே தள்ளினால் வேலி குறையாது என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்திலிருந்த பையன் இன்னும் ஒரு படி போனான். சதுரத்தின் மேல்பக்கக் குச்சிகளை ஒரே வரிசையாக உள்ளங்கையால் பக்கவாட்டில் நகர்த்தினான். சதுரம் சாய்ந்து சாய்சதுரமானது. மறுபடியும் நகர்த்தினான், இன்னும் சப்பையானது. "வேலி அப்படியே இருக்கு டீச்சர், ஆடுதான் நசுங்கிரும்." கடைசியில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒட்டிப்போய் உள்ளே இடமே இல்லாமல் ஆகிவிட்டது. சுற்றளவு வேறு, பரப்பளவு வேறு என்று நான் பத்துத் தடவை சொல்லியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பது முக்கியம். "சரி" என்றும் "தப்பு" என்றும் சொல்லக் கூடாது. "சூப்பர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவதும் கூடாது, அது அந்த யோசனையை அங்கேயே முடித்துவிடும். "குச்சி எத்தனை? கட்டம் எத்தனை? எப்படித் தெரியும்?" இந்த மூன்று கேள்வி போதும். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "நீ மூலையை உள்ளே தள்ளியிருக்க, வேற யாரும் அதைச் செய்யல." இப்படிச் சொன்னால் நாம் நிஜமாகவே பார்த்தோம் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

கேள்வியைத் திருப்ப இன்னும் சில வழிகள். விடையைக் கொடுத்துக் கேள்வியைக் கேளுங்கள்: "விடை முக்கால். உங்க வீட்டிலே நடந்ததா ஒரு கணக்கு எழுது." வத்தல் மூட்டை, பால் ஊற்றுவது, தண்ணீர்க் குடம் என்று ஊரே கணக்குக்குள் வந்துவிடும். அறிவியலில் விதை பரவுதல் நடத்தியதும், "நீயே ஒரு விதை செய். புளியங்கொட்டைதான் விதை. வராந்தாத் திண்டிலிருந்து விட்டா ரொம்ப நேரம் காற்றிலே நிக்கணும்" என்று விடுங்கள். முதலில் எருக்கங்காய் ஒன்றைப் பிளந்து, பஞ்சோடு பறக்கிற விதையை எல்லாரும் ஊதிப் பார்க்கட்டும். அதற்கு மேல் காகித இறக்கையா, நூல் குஞ்சமா, கோழி இறகா என்பது அவரவர் பாடு.

நல்ல கேள்வியா என்று பார்க்க எனக்கு ஒரு அளவு உண்டு. வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கிற பிள்ளை முதல் நிமிடத்திலேயே கையை வைக்க முடிய வேண்டும். வேகமாகப் படிக்கிற பிள்ளைக்கு அரைமணி நேரம் கழித்தும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆட்டுப்பட்டிக் கணக்கில் இரண்டும் இருக்கிறது.

இஷ்டத்துக்கு விடாதீர்கள், கட்டுப்பாடு வையுங்கள்

"உனக்குப் பிடிச்சதைச் செய்" என்றால் பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்வார்கள். "ஐம்பது குச்சி, ஒரு முழம் சைக்கிள் வால்வு ட்யூப். இரண்டு பெஞ்சுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி. அதுக்குப் பாலம் கட்டு" என்றால் உடனே இறங்குவார்கள்.

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் இணைத்துப் பொம்மை செய்கிற முறை அரவிந்த் குப்தாவுடையது. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு லாரி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1978-ல் படிப்பு விடுப்பில் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாதில் நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனபோது, கிராமத்துச் சந்தையில் கிடைப்பதை வைத்தே இதை உருவாக்கினார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய பொம்மைகளின் செய்முறை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிக்னல் கிடைக்கிற இடத்தில் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டால் போதும், வகுப்பில் போட்டுக் காட்டத் தேவையில்லை.

செய்முறை இதுதான். ட்யூபை விரல்நகம் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் மடக்கி நீட்டக்கூடிய மூட்டு தயார். மூன்று குச்சி சேர வேண்டுமென்றால் ட்யூப் துண்டின் நடுவில் கருவேல முள்ளாலோ ஊசியாலோ துளை போட்டு மூன்றாவதைச் செருக வேண்டும். முள்ளை நான் மட்டும்தான் கையாள்வேன், பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. கடையில் வாங்குகிற, மருந்துள்ள தீக்குச்சியையும் வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில் கேட்டால் வெறுங்குச்சி தருவார்கள். மற்ற ஊர்களில் விளக்குமாற்று ஈர்க்கை ஒரே அளவாக நறுக்கிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்யச் சொல்லி இரண்டையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது. ஏன் என்று விளக்காதீர்கள். பாலம் கட்டும்போது எந்தக் குழு முக்கோணங்களை அடுக்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். பாலம் முடிந்ததும் நடுவில் ஒரு சிரட்டையை நூலில் தொங்கவிட்டு, கூழாங்கல்லை ஒவ்வொன்றாகப் போடுவோம். பாலம் தொய்ந்து விழும் வரை வகுப்பே எண்ணும். விழுந்ததும் அடுத்த பாடவேளையில் அதே குச்சிகளை வைத்து மறுபடியும் கட்டலாம் என்று வாய்ப்புக் கொடுங்கள். இரண்டாவது பாலத்தில்தான் யோசனை தெரியும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு வந்தால் குழுக்கள் ஒன்றின் பாலத்தை ஒன்றுக்கு மறைக்கத் தொடங்கிவிடும். பார்த்துக் கற்பது நின்றுவிடும்.

தை, மாசியில் சோளம் அறுத்த பிறகு இதே வேலையைச் சோளத்தட்டையில் செய்யலாம். தட்டையின் மேல்தோலைச் சிம்பாகக் கிழித்து ஆணி போலவும், உள்ளே இருக்கிற பஞ்சு போன்ற நெட்டியைச் சட்டமாகவும் வைத்தால் பசையே இல்லாமல் மாட்டுவண்டி, ஏணி, மூக்குக்கண்ணாடி என்று எதையும் செய்யலாம். இது நம் தாத்தாக்களின் விளையாட்டு. ஊரில் ஒரு பெரியவரைக் கூப்பிட்டு வந்து உட்கார வையுங்கள். அவர் ஒரு வண்டி செய்து காட்டட்டும், அப்புறம் "சக்கரம் நிஜமாவே சுத்தணும்" என்று பிள்ளைகளுக்குச் சவால் விடட்டும். சிம்பின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். தோலை உரிக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்து, சிம்பின் ஓரத்தை மழித்துக் கொடுப்பது நல்லது.

கோலத்தை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள்

கோலம் போடத் தெரிந்த பெண்பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நாம் கணக்கு என்று மதிப்பதே இல்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களிலேயே கோலங்களைக் கணினி மொழி இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். நாம் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்தே தொடங்கலாம்.

விதி: கோடு புள்ளியைத் தொடக் கூடாது, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வர வேண்டும், தொடங்கின இடத்திலேயே முடிய வேண்டும். ஒரே இழையில் முடிகிறதா, இரண்டு மூன்று இழை ஆகிறதா என்று பார்ப்பதுதான் விளையாட்டு. ஒரு கோலம் போட்டதும், "ஒரே ஒரு இடத்துல வளைவை மாத்து. இப்ப எத்தனை இழை?" என்று கேளுங்கள். இதை ஆண்பிள்ளைகளும் கட்டாயம் செய்ய வேண்டும். முதலில் கூச்சப்படுவார்கள், சிக்கு விழுந்ததும் கூச்சம் மறந்துவிடும். தாளில் போட வேண்டியதில்லை. 2007-08-ல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது தொடக்க வகுப்புச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குப் பலகை அமைத்தார்களே, பல பள்ளிகளில் அது இன்னும் இருக்கிறது. சும்மா கிடக்கிற அந்தப் பலகையைத் துடைத்து, ஆளுக்கு ஒரு கட்டம் பிரித்துக் கொடுங்கள். அழித்து அழித்துப் போட அதைவிட நல்ல இடம் கிடையாது. தாளில் அழிக்கப் பயப்படுகிற பிள்ளை பலகையில் பயப்படாது.

எழுத்து: முதலில் வாய், பிறகு பேனா

"கதை எழுது" என்று தாளைக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் முதல் வரியிலேயே நின்றுவிடுவார்கள். எழுத்துப்பிழை பயம். அதனால் நான் விடுகதையில் தொடங்குகிறேன். வீட்டில் ஆச்சியிடமோ தாத்தாவிடமோ கேட்டு ஆளுக்கொரு விடுகதை கொண்டுவர வேண்டும். "ஆயிரம் தச்சர் கூடி அழகாய்க் கட்டிய மண்டபம், ஒருவர் கண்பட்டு உடைந்ததாம்" மாதிரி நிறைய வரும். விடை தேன்கூடு. அவற்றைப் போட்டு உடைத்துப் பார்ப்போம்: விடுகதையில் பொருளின் பேரைச் சொல்லக் கூடாது, உண்மையை மட்டும்தான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்பவர் வேறெதையோ நினைக்க வேண்டும்.

அப்புறம் புது விடுகதை. ஊரில் இருக்கிற, பழைய விடுகதைகளில் இல்லாத பொருளுக்கு. ஏழாம் வகுப்பில் சீமைக் கருவேலத்துக்கு வந்தது இது:

தண்ணி கேக்காது, தானா வளரும்,
காயத் தின்ன ஆடு வரும்,
வெட்ட வெட்டத் தழைச்சு வரும்,
கறுத்துப் போனா லாரி ஏறும்.

கடைசி வரியைக் கேட்டுப் பாருங்கள். கரிமூட்டம் போடுகிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது வரும். அதைத் திருத்தமான எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லாதீர்கள். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பேச்சுச் சொல் பிழை இல்லை.

விடுகதை பழகியதும் அடுத்த கட்டுப்பாட்டுக்குப் போகலாம். "மழை" என்ற சொல்லே வராமல் மழையைப் பற்றி ஐந்து வரி. "பசி" என்ற சொல் வராமல் பசியைப் பற்றி. எழுத வராத பிள்ளை சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். சொன்னவர் பெயர்தான் மேலே வர வேண்டும்.

இவையெல்லாம் போய்ச் சேருகிற இடம் கையெழுத்து இதழ். தமிழில் எத்தனையோ எழுத்தாளர்கள் கையெழுத்துப் பத்திரிகையிலிருந்து வந்தவர்கள்தான். நம் வகுப்புக்கும் அது சரியாகப் பொருந்தும், ஏனென்றால் ஒரே ஒரு பிரதி போதும். பருவத்துக்கு ஓர் இதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் குழுவில் மூன்று பேர், ஒவ்வோர் இதழுக்கும் ஆள் மாற வேண்டும். அழகாக எழுதுகிற பிள்ளையே எல்லாவற்றையும் எழுதக் கூடாது, அவரவர் பக்கத்தை அவரவர் கையால் எழுதினால்தான் அது அவர்களுடைய இதழ். கல்யாணப் பத்திரிகை அட்டையை மேலட்டையாக வைத்துக் கோணி ஊசியால் தைத்துவிடலாம். கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விட்டு "வாசகர் கடிதம்" என்று தலைப்பு மட்டும் போடுங்கள். இதழ் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று போகும். படிக்கத் தெரியாத வீட்டில் பிள்ளை படித்துக் காட்டி, வீட்டுக்காரர் சொல்வதைக் கடிதமாக எழுதி வர வேண்டும். இந்தக் கடிதங்களுக்காகவே அடுத்த இதழுக்கு எழுதத் துடிப்பார்கள். நல்லவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின் "ஊஞ்சல்", "தேன்சிட்டு" இதழ்களுக்கு அனுப்பலாம். நாலு, ஐந்து வகுப்புகளுக்கு முதலாவது, ஆறிலிருந்து ஒன்பது வரை இரண்டாவது.

இருக்கிற ஒரு போனை என்ன செய்வது

போனில் வீடியோவைப் போட்டு, நாற்பது பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. முன்னால் நிற்கிற ஐந்து பேர் பார்ப்பார்கள், மற்றவர்கள் தள்ளிக்கொள்வார்கள். போனை உள்வாங்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள், காட்டும் கருவியாக வேண்டாம். அதாவது, பிள்ளைகள் செய்வதை அதில் பதிவு செய்யுங்கள்.

வானொலி நாடகம் இதற்கு அருமையானது. சமூக அறிவியல் பாடத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்து ஐந்து நிமிட ஒலி நாடகமாக மாற்றச் சொல்லுங்கள். வேடம் வேண்டாம், மேடை வேண்டாம். ஓசைதான் வேண்டும். சுளகில் சோளத்தை மெதுவாக உருட்டினால் மழை, வேகமாக உருட்டினால் அடைமழை. இரண்டு சிரட்டையைக் கவிழ்த்துத் திண்டில் தட்டினால் குதிரை. பாலித்தீன் பையைக் காதருகே கசக்கினால் தீ எரிகிற சத்தம். எந்த ஓசைக்கு எந்தப் பொருள் என்று தேடி அலைவதிலேயே இரண்டு பாடவேளை போய்விடும், போகட்டும். வகுப்பில் பேசவே பேசாத ஒரு பையன் எங்கள் நாடகத்தில் சாத்தூர் ரயில் நிலையத்து வண்டி கிளம்புகிற சத்தத்தை முழுக்க வாயாலேயே கொடுத்தான். போனை டிபன் டப்பாவுக்குள் வைத்து ஒலிக்கவிட்டால் பின்பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

மதிப்பெண்ணும் நேரமும்

"சிலபஸ் முடிக்கணுமே, இதுக்கெல்லாம் நேரம் எங்கே" என்பது நியாயமான கேள்வி. நமக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2012-13-ல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவ இறுதித் தேர்வுக்கு 60, பருவம் முழுக்க வகுப்பில் நடக்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த 40-ல் செயல்பாட்டுக்கென்றே 20 இருக்கிறது. அந்த இருபதை அட்டையில் படம் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லித் தீர்த்துவிடுகிறோம். கடையில் ஐந்து ரூபாய்க்கு விற்கிற படத்தாளை வாங்கி ஒட்டுவதில் பிள்ளை யோசிக்க எதுவுமே இல்லை. அதற்குப் பதில் ஆட்டுப்பட்டி, பாலம், விதை, கோலம், விடுகதை இவற்றையே வளரறிச் செயல்பாடாகப் பதிவு செய்யுங்கள். எடுத்த பாடத்தோடு இணைந்தவைதான், தனி நேரம் வேண்டியதில்லை.

மதிப்பெண்ணை முடிந்த பொருளுக்கு மட்டும் போடாதீர்கள். விழுந்த பாலத்தைக் கட்டிய குழு, ஏன் விழுந்தது என்று சொல்லி இரண்டாவது பாலத்தில் எதை மாற்றியது என்று காட்டினால் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். "இதை அவகிட்டேருந்து எடுத்தேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் குறைக்காதீர்கள். எடுத்ததில் தான் என்ன சேர்த்தது என்று கேளுங்கள். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட, ஒரு தடிமனான நோட்டில் தேதி போட்டு, எந்தப் பாடம், எந்தக் கற்றல் விளைவு, பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று இரண்டு மூன்று வரி எழுதிவையுங்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும்போதும் அந்த நோட்டு உதவும். பாலம் கட்டுகிற நாளைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிந்தால் மரத்தடிக்குப் போய்விடுவது நல்லது.

செய்தவற்றை வகுப்பிலேயே கட்டிய கயிற்றில் மாட்டும்போது, நல்லவை என்று தேர்ந்தெடுத்து மாட்டாதீர்கள். எல்லாவற்றையும் மாட்டுங்கள். இடம் போதாவிட்டால் இந்த வாரம் பாதி, அடுத்த வாரம் பாதி.

பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவும்

"பள்ளிக்கூடத்துல குச்சி அடுக்கி விளையாடுறாங்களாமே" என்று யாராவது கேட்பார்கள். நாம் விளக்குவதைவிடப் பிள்ளையை விளக்கச் சொல்வது நல்லது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று இரண்டு பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து 24 குச்சியில் பட்டி போட்டுக் காட்டட்டும். வந்திருப்பவர்களில் ஆடு வளர்க்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். "வட்டமாப் போட்டா இன்னும் இடம் கூடுமே" என்று அவர்களில் ஒருவர் சொல்லுவார். அது சரிதான், பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வியும் கிடைத்துவிட்டது.

கூட்டம் முடிவதற்குள் வேண்டிய பொருள்களைக் கேட்டுவிடுங்கள். பொதுவாக "ஏதாவது உதவி செய்யுங்க" என்றால் ஒன்றும் வராது. யாரிடம் என்ன கிடைக்கும் என்று பார்த்து, பெயர் சொல்லி, துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால் வரும். அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறவரிடம் ஒரு கட்டு ஓரத்தாள், தீப்பெட்டி ஆபீசில் இருக்கிறவரிடம் ஒரு பை வெறுங்குச்சியும் காலிக் கூடுகளும், சைக்கிள் கடைக்காரரிடம் இரண்டு மீட்டர் வால்வு ட்யூப், கரிமூட்டம் போடுகிறவரிடம் அரைப்பை பொடிக்கரி இல்லாத துண்டுகள், சோளம் போட்டவரிடம் அறுப்பு முடிந்ததும் ஒரு கட்டுத் தட்டை.